வாடிக்கையாளர் பில் கட்டாவிட்டால் நஷ்டம் யாருக்கு? சிங்கப்பூரில் ஃபிரான்சைஸ் நடத்துபவர்களுக்கான கேள்வி பதில்

துப்புரவு, ஏர்கான் பராமரிப்பு, பூச்சிக் கட்டுப்பாடு, கேட்டரிங், துணைப்பாட வகுப்பு என்று ஏதாவது ஒரு பிராண்டின் கிளையை எடுத்து நடத்துகிற, அல்லது எடுக்க யோசிக்கிற தமிழர்களை மனதில் வைத்து எழுதியது இது. முன்பணம், ராயல்டி (விற்பனையில் பிராண்டுக்குத் தரும் பங்கு), விளம்பரக் கட்டணம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட, வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பிராண்டுக்குச் சொந்தமான தரப்பை 'பிராண்ட் நிறுவனம்' என்றும், கட்டணம் கட்டி அதை நடத்துபவரைக் 'கிளை எடுத்தவர்' என்றும் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் தேவை. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். நஷ்டம் யாருக்கு?

ஒப்பந்தம் யாரைச் சொல்கிறதோ அவருக்கு. வழக்கமாக அது கிளை எடுத்தவரைத்தான் சொல்லும்.

சிங்கப்பூரில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போனால் 1998ஆம் ஆண்டின் மலேசிய ஃபிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. பதிவு, குறைந்தது 5 ஆண்டு ஒப்பந்தக் காலம், கையெழுத்திட்ட பிறகும் விலகிக்கொள்ள குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் என்றெல்லாம் அது சொல்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஃபிரான்சைஸ் தொழிலுக்கான சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்கு நெறிமுறை வைத்திருக்கிறது, ஆனால் அது சட்டமாகாது. பொதுவான ஒப்பந்தச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும். எழுதியிருப்பதே செல்லும்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது, விலையும் கடன் நாளும் பேசுவது, பணம் வராதபோது வேலையை நிறுத்துவது, இந்த மூன்று அதிகாரமும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வாராக்கடனைச் சுமக்க வேண்டும். அதிகாரம் ஒருவரிடம், நஷ்டம் இன்னொருவரிடம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் எந்தப் பெரிய பிராண்டுடையதாக இருந்தாலும் நியாயமில்லாதது. ஆனால் அந்த நியாயத்தைக் கையெழுத்துக்கு முன்பு நீங்கள்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பிறகு நீதிமன்றம் உங்களுக்காக அதைச் சேர்த்துத் தராது.

எல்லா ஃபிரான்சைஸிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

இல்லை. பபிள் டீ கடையிலும் உணவுக் கடையிலும் காசு வாங்கிய பிறகுதான் பொருள் கைமாறும். துணைப்பாட நிலையங்கள் பெரும்பாலும் தவணைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. வேலை முதலில், பணம் பிறகு என்று நடக்கும் தொழில்களில்தான் ஆபத்து. அலுவலகத் துப்புரவு, ஏர்கான் ஒப்பந்தம், பூச்சிக் கட்டுப்பாடு, நிறுவனங்களுக்குக் கடனில் அனுப்பும் கேட்டரிங், கடை அலங்கார வேலை எல்லாம் இந்த வகை. மாதக் கடைசியில் பில், அதற்குமேல் 30 நாள் கடன் என்றால், முதல் தேதி செய்த வேலைக்குக் காசு வர 60 நாள் ஆகும். அதுவும் ஒழுங்காகக் கட்டுகிற வாடிக்கையாளராக இருந்தால்.

பில் யார் பெயரில் போகிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

யார் வழக்குப் போடலாம் என்பதையே அதுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் நிறுவனமே வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு, உங்கள் பெயரில் பில் அனுப்பினால் கடன் உங்களுக்குச் சேர வேண்டியது. வராவிட்டால் நஷ்டம் உங்களுடையது, வசூலிக்கும் உரிமையும் உங்களுடையது. கஷ்டம்தான், ஆனாலும் நேரானது.

துப்புரவு போன்ற தொழில்களில் இன்னொரு முறை உண்டு. வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போடுவதும் பில் அனுப்புவதும் பணம் வாங்குவதும் பிராண்ட் நிறுவனம். ராயல்டியையும் நிர்வாகக் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்கு அனுப்பும். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இது நிம்மதியாகத் தெரியும், கணக்கு வேலை மிச்சம். ஆனால் வாடிக்கையாளர் கைவிரித்தால் நீங்கள் அவர்மேல் வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பே இல்லை. மூன்றாம் தரப்பினருக்கு ஒப்பந்த உரிமை தரும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் உங்களுக்குப் பலன் தருவதாகக் காட்டினால்தான் அது உதவும். பெரும்பாலான வணிக ஒப்பந்தங்கள் அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று கடைசிப் பக்கங்களில் ஒரு வரி எழுதி அந்தக் கதவையும் மூடிவிடுகின்றன.

இரண்டும் கலந்த குழப்பமும் நடக்கும். வேலை உங்களுடையது, பில்லில் பிராண்டின் பெயர் பெரிதாக, உங்கள் நிறுவனப் பெயர் எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் "நாங்கள் பிராண்டோடுதான் பேசினோம், உங்களை யாரென்றே தெரியாது" என்று சொன்னால் வாதாட வேண்டியிருக்கும். பில்லிலும் விலைப்பட்டியலிலும் உங்கள் பதிவுப் பெயரும் நிறுவன எண்ணும் இருக்கட்டும்.

'சார்ஜ்பேக்' என்று ஒரு விதி இருக்கிறது. அது என்ன?

பில் அனுப்பியதும் பிராண்ட் நிறுவனம் உங்கள் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிடும். குறிப்பிட்ட நாளுக்குள் வாடிக்கையாளர் கட்டாவிட்டால், கொடுத்த பணத்தை உங்கள் அடுத்த மாத வரவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அதுதான் சார்ஜ்பேக். முன்பணம் மாதிரி தெரிந்தாலும் அது நீங்கள் வாங்கிய கடன்தான். வாராக்கடன் ஆபத்து முழுவதும் உங்கள் தோளில் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே ஆனது. கவரால் என்ற துப்புரவு ஃபிரான்சைஸ் நிறுவனத்துக்கு எதிராக மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளை எடுத்தவர்கள் தொடுத்த வழக்கு அது. அவர்களை அந்த மாநிலச் சட்டப்படி ஊழியர்களாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2011இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ஊழியர் வேலை செய்து முடித்ததுமே சம்பளம் ஈட்டப்பட்டதாகிவிடுகிறது, வாடிக்கையாளர் கட்டும்வரை அதைத் தள்ளிப்போட முடியாது என்றது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே பணம் கேட்க முடியாது. அது அந்த மாநிலத்தின் சம்பளச் சட்டத்தை வைத்து வந்தது, கிளை எடுத்தவர் ஊழியர் என்ற முடிவின்மேல் நிற்பது. சொந்தமாக பிரைவேட் லிமிடெட் நிறுவனம் வைத்து, ஆள் சேர்த்து வேலை வாங்குபவரை சிங்கப்பூரில் ஊழியர் என்று சொல்வது கடினம். ஆனாலும் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி இங்கேயும் பொருந்தும். வாடிக்கையாளரைப் பிடித்ததும் பிராண்ட், விலை பேசியதும் பிராண்ட், வசூலிப்பதும் பிராண்ட் என்றால், தரையைத் துடைத்தவர் ஏன் நஷ்டத்தை ஏற்க வேண்டும்?

சார்ஜ்பேக் விதியை முழுக்க நீக்க பிராண்ட் நிறுவனம் சம்மதிக்காமல் போகலாம். அப்படியென்றால் அதற்கு எல்லை கேளுங்கள். 90 நாள் ஆகாமல் பிடிக்கக் கூடாது, ஒரு மாதத்தில் வரவின் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது, பிராண்ட் நிறுவனத்தின் தவறால் வாடிக்கையாளர் பணத்தை நிறுத்தினால் பிடிக்கவே கூடாது. பணத்தைத் திரும்ப எடுக்கும்போது அதற்குப் பிடித்த ராயல்டியையும் திருப்பித் தர வேண்டும். இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: பணத்தை உங்களிடம் எடுத்துக்கொண்டால் கடனையும் உங்கள் பெயருக்கு எழுத்துபூர்வமாக மாற்றித் தந்து, வாடிக்கையாளருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம் உங்களிடம், வசூலிக்கும் உரிமை அவர்களிடம் என்று மாட்டிக்கொள்வீர்கள்.

வாடிக்கையாளரே கட்டாதபோது நான் ஏன் ராயல்டி கட்ட வேண்டும்?

ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் 'மொத்த விற்பனை' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கும். அதில் பில் போட்ட தொகை என்று இருக்கிறதா, கைக்கு வந்த தொகை என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் காசு வராத பில்லுக்கும் ராயல்டி உண்டு.

கணக்காகப் பார்த்தால்தான் வலி புரியும். ஓர் அலுவலகத்துக்கு மாதம் 6,000 வெள்ளிக்குத் துப்புரவு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 10 விழுக்காடு. ஊழியர் சம்பளம் மாதம் 4,000. பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். மூன்று மாதம் வாடிக்கையாளர் ஒரு காசு தரவில்லை. சம்பளத்துக்கு 12,000, ராயல்டிக்கு 1,800, 9 விழுக்காட்டு வரிக்கு 1,620. மொத்தம் 15,420 வெள்ளி உங்கள் கையிலிருந்து போயிருக்கும், வரவு பூஜ்யம். சோப்பு, இயந்திர வாடகை, மத்திய சேமநிதி எதையும் இதில் சேர்க்கவில்லை. விளம்பர நிதிக்கும் அதே 'மொத்த விற்பனை'யில் கணக்குப் போட்டால் அதுவும் கூடும்.

கேட்க வேண்டிய திருத்தம் எளிது: ராயல்டி வசூலான தொகைமீது. அதற்கு மறுத்தால், 90 நாளைத் தாண்டிய பில்லின் ராயல்டியை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை. வசூலைக் குறைத்துக் காட்டிவிடுவார்கள் என்று பிராண்ட் நிறுவனம் பயப்படுவதில் நியாயம் உண்டு. வங்கிக் கணக்கையும் பில் புத்தகத்தையும் அவர்கள் பார்க்கலாம் என்று நீங்களே முன்வந்து சொன்னால் அந்தப் பயம் பாதி தீரும்.

வராத பணத்துக்குக் கட்டிய பொருள், சேவை வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், காத்திருக்க வேண்டும். வாராக்கடன் நிவாரணம் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் இதை அனுமதிக்கிறது. நீங்கள் அந்த வரியைக் கணக்கில் காட்டிக் கட்டியிருக்க வேண்டும், கடனை உங்கள் கணக்குப் புத்தகத்தில் வாராக்கடனாக எழுதித் தள்ளியிருக்க வேண்டும், வசூலிக்க நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும். 12 மாதம் கடந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே வாடிக்கையாளர் நொடித்துப் போயிருக்க வேண்டும். நினைவூட்டல் கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் பத்திரமாக வைத்திருங்கள், முயற்சிக்கு அவைதான் சாட்சி.

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு தொழிலுக்கு, பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டும் ரொக்கக் கணக்குத் திட்டமும் இருக்கிறது. ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கடனில் வேலை செய்பவர்கள் கணக்காளரிடம் இதைப் பற்றி அவசியம் பேசுங்கள்.

வாடிக்கையாளர் கட்டும்வரை ஊழியர் சம்பளத்தைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. வேலை நியமனச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மத்திய சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். துப்புரவுத் தொழிலில் படிப்படியான சம்பள உயர்வு முறையும் இருக்கிறது, அது வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்க முடியாது. அந்த அம்மாவும் அண்ணனும் விடியற்காலையில் வந்து வேலையை முடித்துவிட்டார்கள். யார் யாருக்குக் கட்டவில்லை என்பது அவர்கள் கவலையாகக் கூடாது.

அதனால்தான் தொடங்கும்போதே குறைந்தது மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது முடியாத நிலையில் கடனில் வேலை செய்யும் ஃபிரான்சைஸை எடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த வாடிக்கையாளரைக் கொடுத்ததே பிராண்ட் நிறுவனம்தான். அப்போதும் நஷ்டம் எனக்கா?

ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஆமாம். தீவு முழுக்கக் கிளை உள்ள ஒரு கடைத்தொகுதியோடு பிராண்ட் நிறுவனம் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு, பகுதி பகுதியாக உங்களைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மறுத்தால் அந்தப் பகுதி வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கும். இங்கேதான் மேலே சொன்ன மூன்று அதிகாரமும் முழுக்க பிராண்ட் பக்கம் இருக்கிறது. இந்த வகை வேலைக்கு மட்டுமாவது, பில் வசூலானாலும் ஆகாவிட்டாலும் உங்கள் பங்கை அவர்கள் தர வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். குறைந்தபட்சம், 45 நாளைத் தாண்டி நிலுவை இருந்தால் ஒப்பந்த மீறல் ஆகாமல் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும். கட்டாத இடத்தில் தொடர்ந்து வேலை செய்யச் சொல்வதைவிடக் கொடுமையான விதி எதுவும் இல்லை.

வாடிக்கையாளர் கட்டிவிட்டார், பிராண்ட் நிறுவனம்தான் எனக்குத் தரவில்லை. என்ன செய்வது?

இந்த ஆபத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிராண்ட் நிறுவனம் மூடப்பட்டால், உங்களுக்காக வசூலித்த பணமும் அவர்கள் கணக்கில் கலந்து கிடக்கும். பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்களும் நிற்க வேண்டும். உங்கள் பங்கைத் தனிக் கணக்கில், உங்களுக்குச் சொந்தமான பணமாகத் தங்கள் பொறுப்பில் (டிரஸ்ட்) வைத்திருப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி, நடைமுறையிலும் பிரித்து வைத்திருந்தால் நிலைமை வேறு. மாதா மாதம் எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கட்டினார் என்ற பட்டியல் கேட்டு வாங்குங்கள். பட்டியல் தரத் தயங்கினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பிரைவேட் லிமிடெட். வீடு, சேமிப்பு பத்திரம்தானே?

சொந்த உத்தரவாதம் எழுதிக் கொடுக்காதவரை. கிளை எடுக்கும் நிறுவனத்தின் இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் வாங்கும் பிராண்ட் நிறுவனங்கள் உண்டு. அப்படிக் கையெழுத்திட்டிருந்தால், வராத பில்லின் ராயல்டி நிலுவையும் சார்ஜ்பேக்கும் உங்கள் சொந்தக் கடனாகும். தனிநபரை நொடித்துப் போனவராக அறிவிக்கக் கோர 15,000 வெள்ளிக் கடன் போதும். கையெழுத்து தவிர்க்க முடியாததென்றால் தொகைக்கு உச்ச வரம்பு கேளுங்கள். மனைவியையோ அண்ணனையோ சேர்ந்து கையெழுத்திடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பில் என் பெயரில்தான். எப்படி வசூலிப்பது?

முதலில் வேலையை ஒத்துக்கொண்டதற்கான கையெழுத்து, பில், நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். அப்புறம் தேதி குறிப்பிட்டு இறுதிக் கடிதம். அதற்கும் அசையவில்லையென்றால் சிறு கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையான சேவை ஒப்பந்தக் கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, அதனால் செலவு குறைவு. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். மூன்று மாத பில் வரியோடு 19,620 வெள்ளி, நடுவர் மன்றத்தின் வரம்புக்குள் இருக்கிறது. போனால் போகட்டும் என்று நாலாவது மாதமும் வேலை செய்தால் 26,160 ஆகிவிடும். வாடிக்கையாளர் சம்மதிக்காவிட்டால் மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அங்கே போக வேண்டும், அல்லது 60,000 வெள்ளி வரை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பொறுமைக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பது இதனால்தான்.

கடன்பட்டது நிறுவனம் என்றால், 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்குச் சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். மூன்று வாரத்தில் கட்டாவிட்டால் அந்த நிறுவனத்தைக் கலைக்கக் கோரி மனுப் போட வழி பிறக்கும். "வேலை சரியில்லை" என்று அவர்கள் உண்மையான தகராறு வைத்திருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள். மனு தள்ளுபடியாகி, செலவும் உங்கள் தலையில் விழலாம்.

நான் கடை அலங்கார வேலை செய்யும் பிராண்டின் கிளை. எனக்கும் இதேதானா?

உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. கட்டுமானத் துறையில் பணம் செலுத்துவதை உறுதிசெய்யும் சட்டம் 2005 முதல் நடப்பில் உள்ளது. 'எனக்கு வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்ற விதி அதன்கீழ் செல்லாது. அலுவலக, கடைப் புதுப்பிப்பு வேலையை பிராண்ட் நிறுவனம் உங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தால் இதைப் பற்றி வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள், கெடு நாட்கள் மிகக் குறுகியவை. கட்டட அனுமதி தேவைப்படாத வீட்டுப் புதுப்பிப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

விதி இவ்வளவு அநியாயமாக இருக்கிறதே, நீதிமன்றம் ரத்து செய்யாதா?

அதை நம்பி இறங்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் முக்கியமாக ஒரு தரப்பு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதிகளைத்தான் பார்க்கும். வாராக்கடன் யாருக்கு என்று இரண்டு வணிகர்கள் பிரித்துக்கொண்டதை அதன்கீழ் கொண்டுவருவது சிரமம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்கு உதவாது, நீங்கள் பயனீட்டாளர் இல்லை.

பிராண்ட் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. ஏதாவது வித்தியாசம் உண்டா?

இரண்டு. வழக்கு எங்கே, எந்த நாட்டுச் சட்டப்படி என்ற விதியைப் பாருங்கள். சென்னை நீதிமன்றம் என்று இருந்தால், சிராங்கூன் சாலையில் நடந்த ஒரு கேட்டரிங் பில் தகராறுக்கு நீங்கள் விமானம் ஏற வேண்டியிருக்கும். நீதிமன்றத்துக்குப் பதில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தனி நடுவர் சிங்கப்பூரில் தீர்ப்புச் சொல்வது (ஆர்பிட்ரேஷன்) என்று மாற்றக் கேளுங்கள். அடுத்து, வெளிநாட்டு நிறுவனத்துக்கு ராயல்டி அனுப்பும்போது வரி பிடித்து இங்கே கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்தப்படி ராயல்டி கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டால், நீங்கள் இன்னும் அனுப்பாவிட்டாலும் அந்தப் பொறுப்பு தொடங்கிவிடும். இங்கே வாடிக்கையாளர் கட்டினாரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒப்பந்தம் முடிந்து வெளியேறும்போது நிலுவை பில்கள் என்ன ஆகும்?

உங்கள் பெயரில் போன பில்லை நீங்களே தொடர்ந்து வசூலிக்கலாம். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது, சிறு கோரல் நடுவர் மன்றத்துக்கு இரண்டே ஆண்டு. ஆனால் பிராண்டின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை அன்றே போய்விடும், அதனால் நினைவூட்டல் கடிதங்கள் உங்கள் பதிவுப் பெயரில் மட்டும் போகட்டும். வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளவே கூடாது என்ற விதி இருந்தால், பழைய பில் வசூலுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில் பிராண்ட் பெயரில் என்றால், வெளியேறும் நாளில் நிலுவைப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அதில் எது வசூலானாலும் எத்தனை நாளில் உங்கள் பங்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். வைப்புத்தொகையை எதிர்கால சார்ஜ்பேக்குக்காகப் பிடித்து வைப்பார்கள். அதற்கும் கடைசித் தேதி ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.